இவ்வளவு பெரிய மானுக்கு இத்தனூண்டு கொம்பா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுமலைக்கு வருகிறவர்களோடு சேர்ந்து சுற்றுவது பல வருடப் பழக்கம். எல்லோரும் புலி பார்க்கத்தான் வருகிறார்கள். தெப்பக்காட்டில் இறங்கியதும் கண்ணில் படுவதோ புள்ளிமான். புலி வராத நாளில் (பெரும்பாலும் வராத நாள்தான்) பேச்சு முழுக்க மானைச் சுற்றியே ஓடும். கிடா நன்றாக வளர்ந்திருக்கிறது, கொம்பு மட்டும் குச்சி மாதிரி நிற்கிறதே என்ற கேள்வி வராத நாளே இல்லை. அதையும், அதன் வாலைப் பிடித்து வரும் கேள்விகளையும் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கண்ணால் பார்த்தது இந்தப் பக்கத்துப் புள்ளிமானும் கடமானும்தான். ஒவ்வொரு மானையும் அடையாளம் வைத்து வருடக்கணக்கில் கொம்பை அளந்த வேலை ஸ்காட்லாந்துச் செம்மான்களிலும் அமெரிக்க வெள்ளைவால் மான்களிலும் நடந்திருக்கிறது. அதனால் பதில்கள் அங்கேயும் போய்விட்டு வரும்.

மான் கொம்பு நிஜமாவே விழுந்து முளைக்குமா? ஆட்டுக்கொம்பு விழறதில்லையே?

தமிழில் எல்லாவற்றுக்கும் கொம்பு என்ற ஒரே பெயர். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஆடு, மாடு, வரையாடு, வெளிமான் (பெயரில் மட்டும்தான் மான்) ஆகியவற்றின் கொம்பு, எலும்புத் தண்டின் மேல் நகம் போன்ற உறை போட்டது. ஆயுளுக்கும் ஒன்றுதான், விழாது, கிளையும் விடாது. புள்ளிமான், கடமான், கேளையாடு (பெயரில்தான் ஆடு, இதுவும் மான்தான்) இவற்றின் கொம்பு முழுக்க எலும்பு. குறிப்பிட்ட காலத்தில் அடியோடு கழன்று விழுந்து, மறுபடி முதலிலிருந்து முளைக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் சென்னை கிண்டிப் பூங்காவுக்குப் போங்கள். வெளிமானும் புள்ளிமானும் அங்கே உண்டு.

முளைக்கும்போது கொம்பின் மேல் பட்டு போன்ற ரோமத்தோடு ஒரு தோல் இருக்கும். அதை வெல்வெட் என்கிறார்கள். அதற்குள் ரத்தம் ஓடும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் சுரப்பு உடம்பில் ஏறும்போது எலும்பு இறுகும், தோல் காய்ந்து உரியும். சுரப்பு இறங்கும்போது கொம்பு கழன்றுவிடும். பாலூட்டிகளின் உடம்பில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறு கிடையாது. பெரிய மான் இனங்களில் ஒரே நாளில் 2 சென்டிமீட்டர் வரைகூட வளரும். ஆக, இது ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்யும் செலவு. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இதில்தான் இருக்கிறது.

கிளையை எண்ணினா வயசு தெரியும்னு எங்க தாத்தா சொல்வாரே?

தாத்தா சொன்னதில் தொடக்கம் மட்டும் சரி. குட்டி வளர்ந்து முதன்முதலில் விடும் கொம்பு பெரும்பாலும் கிளையில்லாத ஊசி. அடுத்தடுத்த கொம்பில் கிளை பிரியும். அதற்கப்புறம் கணக்கு உதைக்கும். புள்ளிமானுக்கும் கடமானுக்கும் பக்கத்துக்கு மூன்று முனை என்பதுதான் இயல்பு: நெற்றிக்கு மேல் முன்னால் நீளும் ஒன்று, உச்சியில் கவையாகப் பிரியும் இரண்டு. ஐந்து வயதிலும் மூன்று, எட்டு வயதிலும் மூன்று. கிளைகளை எண்ணி வயது சொல்வது, வீட்டில் எத்தனை ஜன்னல் என்று எண்ணி வீட்டுக்காரர் வயதைச் சொல்வது மாதிரி.

அப்ப, கொம்பு சின்னதா இருக்கிற இது குட்டிதானே? வளர்ந்த மான்னு எப்படிச் சொல்றீங்க?

கொம்பைக் கையால் மறைத்துக்கொண்டு உடம்பைப் பாருங்கள். இளசு என்றால் கழுத்து மெலிந்து, கால் நீளமாக, வயிறு ஒட்டித் தெரியும். முதிர்ந்த கிடாவுக்குக் கழுத்து தடித்து, மார்பு இறங்கி, முகம் கறுத்திருக்கும். நெற்றியில் கருப்புப் பட்டை அழுத்தமாகத் தெரியும். மற்ற மான்கள் விலகி வழிவிடுகின்றனவா என்றும் கவனியுங்கள்.

தெப்பக்காட்டுக் குடியிருப்புப் பக்கம் வலது காது கிழிந்த ஒரு கிடாவை எனக்குத் தெரியும். ஒரு கோடையில் அதன் கொம்பு ஒன்றரைச் சாண்கூட இல்லை. நெற்றிக் கிளை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒரு மொட்டு, உச்சியில் கவை இல்லை. உடம்போ மந்தையிலேயே பெரிய உடம்பு. ஜீப்பில் வந்த பையன் ஒருவன் அதைப் பார்த்து, "அண்ணா, தலை அப்பாவோடது, கொம்பு தம்பியோடது" என்றான். இதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஒருவேளை இன்னும் முளைச்சு முடியலையோ?

நல்ல கேள்வி, முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். குளிர்நாடுகளில் பகல் நீளத்தை வைத்து எல்லா ஆண்மானும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கொம்பு உதிர்த்து, ஒரே சமயத்தில் முளைக்கவிடும். நம்மூரில் பகல் நீளம் அவ்வளவு மாறாது. புள்ளிமான் மந்தை ஒன்றில் ஒன்றுக்கு முற்றிய கொம்பு, இன்னொன்றுக்கு வெல்வெட், மூன்றாவதுக்கு மொட்டைத் தலை என்று ஒரே நாளில் பார்க்கலாம்.

வெல்வெட் மூடி, நுனி உருண்டு மொத்தையாக இருந்தால் இன்னும் வளர்கிறது என்று அர்த்தம். தோல் உரிந்து, நுனி கூர்ந்து வெளுத்திருந்தால் அந்த முறைக்கு அவ்வளவுதான். கிழிந்த காதுக்காரனின் கொம்பு முற்றி வெளுத்த கொம்பு. அதனால்தான் அது கேள்வியாகிறது.

சில மானுக்கு எப்பவுமே சின்னக் கொம்புதானாமே?

ஆமாம், அது இனத்தின் அமைப்பு, குறை அல்ல. நம் கேளையாட்டுக்கு ரோமம் மூடிய நீண்ட கொம்படி, அதன் மேல் சின்னதாக ஒரு கொம்பு, அடியில் பேருக்கு ஒரு கிளை. தென் அமெரிக்காவின் புடு மானுக்கு விரல் நீளத்தில் வெறும் ஊசி. இவை அடர்ந்த புதருக்குள் தனியாகத் திரிபவை. விரிந்த கொம்பு கொடியில் மாட்டும். கேளையாட்டுக் கிடாவுக்குச் சண்டைக்குக் கோரைப்பல் வேறு இருக்கிறது. சீனாவின் நீர்மானுக்குக் கொம்பே கிடையாது, தந்தம் மாதிரிப் பல் மட்டும்தான். இனி வரும் பதில்கள் எல்லாம், பெரிய கொம்பு வர வேண்டிய இனத்தில் வராமல் போவது பற்றி.

சரி, விஷயத்துக்கு வாங்க. வளர்ந்த கிடாவுக்கு ஏன் குச்சிக் கொம்பு?

பெரும்பாலும் சாப்பாடு. உடம்பு முதலில் தன்னைக் கவனிக்கும், மிச்சத்தில்தான் கொம்பு. கொம்பு முளைக்கும் மாதங்களில் புல் காய்ந்து கிடந்தால், அல்லது இருக்கிற புல்லுக்கு வாய்கள் அதிகமென்றால், எடை கொஞ்சம்தான் குறையும். கொம்பு நிறையக் குறையும். முதலில் நீளம் போகும், கனம் போகும், கடைசியில் கிளையே பிரியாமல் நின்றுவிடும். மசினகுடிப் பக்கம் மழை மறைவு, மேற்குப் பக்கம் மழை அதிகம். போதாக்குறைக்கு உண்ணிச்செடி புதராக மண்டிய இடங்களில் புல் தலை தூக்க முடிவதில்லை. ஒரே காட்டுக்குள்ளேயே மானுக்கு மான் தட்டு வேறு.

இதற்கு நல்ல சாட்சி ஸ்காட்லாந்தின் ரம் தீவு. அங்கே செம்மான்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பல பத்தாண்டுகளாகக் கணக்கெடுக்கிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஆய்வுப் பகுதியில் வேட்டையை நிறுத்தினார்கள். மான்கள் பெருகின, கொம்பின் எடை சராசரியில் குறைந்துகொண்டே வந்தது. நியூசிலாந்தில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. பிரிட்டனிலிருந்து 19-ம் நூற்றாண்டில் கொண்டுபோய் விட்ட செம்மான்கள், யாரும் மேயாத காட்டில் தாயகத்தில் காணாத கொம்புகளை வளர்த்தன. கூட்டம் பெருகிக் காடு மேய்ந்து தீர்ந்ததும் கொம்பும் சுருங்கியது.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. 1930-களில் ஐரோப்பாவின் பொஹீமியாப் பகுதியில் ஃபிரான்ஸ் ஃபோக்ட் என்பவர் அடைப்புக்குள் வளர்த்த செம்மான்களுக்கு எள்ளுப் புண்ணாக்கு போட்டார். ஆம், நம் மாட்டுக்குப் போடுகிற அதே புண்ணாக்கு. தலைமுறைக்குத் தலைமுறை உடம்பும் கொம்பும் பெருத்து, காட்டில் அந்த இனத்தில் பார்க்காத அளவுக்குப் போனது.

கால்சியம் குறைச்சலா? உப்புக்கல் வச்சா சரியாயிடுமா?

கால்சியமும் பாஸ்பரசும் வேண்டும்தான். முற்றிய கொம்பில் பாதிக்கு மேல் தாதுப்பொருள். ஆனால் கொம்பு முளைக்கும் வேகத்துக்குத் தீனியிலிருந்து மட்டும் தாது வந்து சேராது. மான் தன் விலா எலும்பிலிருந்தே கடன் எடுத்துக் கொம்பில் போடும். அந்த நாட்களில் அதன் எலும்பு நிஜமாகவே தேய்ந்திருக்கும். கொம்பு முற்றியபின் தின்று தின்று கடனை அடைக்கும்.

தாது இல்லாத மண்ணில் கொம்பு சிறுக்கும், உண்மை. ஆனால் வளரும் கொம்பின் சட்டமே புரதம். தழையும் புல்லும் இல்லாத இடத்தில் உப்புக்கல்லை வைப்பது, அரிசி இல்லாத வீட்டுக்கு உப்பு வாங்கிப் போவது போல.

பரம்பரைக் கோளாறுன்னு சொல்றாங்களே? அப்பனுக்குக் குச்சின்னா மகனுக்கும் குச்சிதானே?

இந்த ஒரு கேள்விக்காக அமெரிக்காவில் அரை நூற்றாண்டாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1970-களில் டெக்சஸின் கெர் காட்டுயிர்ப் பகுதியில் வெள்ளைவால் மான்களை அடைப்பில் வளர்த்து அளந்தார்கள். முதல் கொம்பு ஊசியாக விட்டவை வளர்ந்த பிறகும் பின்தங்கின, அந்தக் குணம் மகன்களுக்கும் போகிறது என்று முடிவு சொன்னார்கள். "ஊசிக் கொம்பனா, சுடு" என்ற வழக்கத்துக்கு இது பலம் சேர்த்தது.

அப்புறம் தெற்கு டெக்சஸின் திறந்த காட்டில் மான்களைப் பிடித்து அடையாளமிட்டு, விட்டுப் பிடித்து அளந்த ஆய்வு 2008-ல் வந்தது. முதல் கொம்பில் இருந்த வித்தியாசம் நாலரை வயதுக்குள் கரைந்துபோயிருந்தது. தாமதமாகப் பிறந்த குட்டிக்கு முதல் கொம்பு ஊசியாக வருவது சகஜம். அது பிந்திப் பிறந்ததைக் காட்டுகிறதே தவிர வம்சத்தை அல்ல. ரம் தீவுக் கணக்கு நடுவில் நிற்கிறது: மான்களுக்குள் கொம்பு அளவில் தெரியும் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மரபு. என் கருத்தைக் கேட்டால், கொம்பைப் பார்த்த மாத்திரத்தில் "ரத்தம் சரியில்லை" என்று சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

அம்மா மான் சாப்பிட்டதுக்கும் மகன் கொம்புக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது, அதுவும் ஆச்சரியமான அளவுக்கு. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் பிளாக் ஹில்ஸ் மலை மான்கள் சிறியவை, கிழக்கே விவசாய நிலப்பக்கத்து மான்கள் பெரியவை. இரண்டு பகுதிக் குட்டிகளையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். மலைக் குட்டிகள் அப்போதும் சிறியவையாகவே இருந்தன. இத்தோடு விட்டிருந்தால் மரபுதான் என்று தீர்ப்பு எழுதியிருப்பார்கள். அவற்றுக்குப் பிறந்த அடுத்த தலைமுறை ஆண்கள், அதாவது வயிறு நிறையச் சாப்பிட்ட தாயின் மகன்கள், உடம்பிலும் கொம்பிலும் கிழக்கத்திய மான்களை எட்டிப் பிடித்தன. 2009-ல் வெளியான ஆய்வு இது.

ஆக, வறட்சி ஆண்டில் சினையாக இருந்த பிணையின் மகன், பிறகு நல்ல மழை பெய்தாலும் கொஞ்சம் பின்தங்கியே இருக்கலாம். ஃபோக்டின் புண்ணாக்கு மான்கள் தலைமுறைதோறும் பெருத்துக்கொண்டே போனதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஒரு பக்கம் நல்ல கொம்பு, மறுபக்கம் குச்சி. இது எப்படி?

அடிபட்டது. சாப்பாடு இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத்தான் பாதிக்கும். வெல்வெட் பருவத்தில் கொம்பு மென்மையானது. வேலியில் மோதினாலே மடங்கும். அப்படியானால் அந்த முறை மட்டும் கோணல், அடுத்தது சரியாக வரும். கொம்பு முளைக்கும் அடிக்குமிழ் உடைந்தால் ஆண்டாண்டுக்கும் கோணல்தான்.

விநோதம் ஒன்று உண்டு: பின்னங்கால் முறிந்தால் பெரும்பாலும் எதிர்ப்பக்கக் கொம்பு கெடும். இடது பின்கால் நொண்டுகிறது என்றால் வலது கொம்பைப் பாருங்கள். காட்டில் இதைச் சொல்லிக் காட்டினால் என்னவோ மந்திரம் போட்ட மாதிரி பார்க்கிறார்கள்.

கிழடானா கொம்பு சிறுத்துடுமா?

சிறுக்கும். செம்மானில் உச்சம் ஏறக்குறைய எட்டு வயதுக்கு மேல், வெள்ளைவாலில் ஐந்து முதல் ஏழு. அப்புறம் பல் தேயும், மெல்ல முடியாது, முதுகெலும்பு தெரியும். அடித்தண்டு தடியாக இருந்தாலும் கிளைகள் குட்டையாகி ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். இளசின் ஊசி அடியிலிருந்தே ஒல்லி. கிழடின் குச்சி அடியில் தடி. தூரத்திலிருந்து பார்க்க இது நல்ல அடையாளம்.

விதை அடிபட்டா கொம்பு வராதாமே? கொம்பே இல்லாத கிடா உண்டா?

முதல் பதிலில் சொன்ன ஆண் சுரப்புதான் இங்கே சூத்திரதாரி. குட்டியிலேயே விதை போனால் கொம்பே வராது. கொம்பு முற்றியபின் போனால் சில வாரங்களில் கொம்பு உதிர்ந்து, அடுத்து முளைப்பது என்றைக்கும் முற்றாத, தோல் உரியாத, கரடுமுரடான கட்டியாக நின்றுவிடும்.

ஆண்மை முழுசாக இருந்தும் கொம்பே இல்லாத செம்மான்களை ஸ்காட்லாந்தில் ஹம்மல் என்பார்கள். வம்சக் கோளாறு என்று நெடுங்காலம் அவற்றைச் சுட்டுக் கழித்தார்கள். 1970-களில் ஒரு ஹம்மலைப் பிணைகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். பிறந்த மகன்களுக்கு ஒழுங்கான கொம்பு! குட்டிப் பருவத்தில் தீனி போதாமல் அடிக்குமிழ் சரியாக வளராததுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஒரு ஹம்மலின் அடிக்குமிழ் நுனியை வெட்டிக் காயப்படுத்தியபோது, அந்த இடத்தில் கொம்பு முளைக்கவும் செய்தது.

குச்சிக் கொம்பை வச்சுக்கிட்டு சண்டை போட முடியுமா? பொண்ணு கிடைக்குமா?

ரம் தீவில் பெரிய கொம்புக்காரர்களுக்கு வாழ்நாளில் வாரிசு அதிகம். ஆனால் எடை, தெம்பு, வயது எல்லாம் சேர்ந்துதான் சண்டை. வெள்ளைவால் மான்களில் இளசுகள்கூட சந்தடி சாக்கில் கணிசமான குட்டிகளுக்குத் தகப்பனாகின்றன.

கிளைக்கு ஒரு வேலை உண்டு: எதிரியின் கொம்பைப் பிடித்து நிறுத்துவது. நீண்டும் கிளையில்லாமலும் இருக்கும் கொம்பு பிடியில் சிக்காமல் நேராகப் போய்க் குத்தும். ஸ்காட்லாந்தில் இத்தகைய செம்மானை ஸ்விட்ச் என்பார்கள். வேட்டைக்காரர்களுக்கு அதைப் பற்றி ஒரு பயம் உண்டு. ஜெர்மன் வேட்டைக்காரர்கள் வைத்த பெயரோ கொலைகாரன். சின்னக் கொம்பென்று இளக்காரம் வேண்டாம்.

குச்சிக் கொம்பு மானையெல்லாம் கழிச்சுட்டா இனம் தேறிடாதா?

வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்பது. நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் பேச்சுக்கே இடமில்லை. வேட்டை நடக்கும் ஊரிலும் இது பலிக்கவில்லை. டெக்சஸின் கொமான்ச்சி பண்ணையில் வருடக்கணக்கில் சின்னக் கொம்பன்களைக் கழித்துப் பார்த்தார்கள். மிஞ்சிய மான்களின் கொம்பு பெரிதாகவில்லை, மானின் எண்ணிக்கைதான் குறைந்தது. மரபில் பாதி தாயிடமிருந்து வருகிறது, தாய்க்குக் கொம்பே கிடையாது. யாரைப் பார்த்துக் கழிப்பது? மூன்றில் ஒரு பங்குக் கணக்கை மேலே பார்த்தோம், அதையும் இங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்க பிஸ்கட், சோறு போட்டா கொம்பு பெருசாகுமா?

ஆகாது. புல்லை நொதிக்க வைக்கும் வயிற்றுக்குள் மாவும் சர்க்கரையும் போனால் புளித்து மான் படுத்துவிடும். தீனி போட்ட கவரையும் சேர்த்துத் தின்னும். தயவுசெய்து வேண்டாம்.

அந்தக் காது கிழிஞ்ச மானுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் இரண்டாவது தடவை வருகிறவர்கள். அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்தது. அடுத்து முளைத்த கொம்பு பக்கத்துக்கு மூன்று முனையோடு, முதுகுப் பக்கம் சாய்ந்து, கவையோடு வந்தது. முந்தைய கொம்பு சிறுத்ததற்கு வறட்சி காரணமா, உள்ளே ஏதும் நோயா என்று என்னால் சாட்சி சொல்ல முடியாது. ஒரே மான், ஒரே ரத்தம், இரண்டு விதக் கொம்பு என்பதற்கு மட்டும் சாட்சி. அதற்கடுத்த கோடையில் அதைப் பார்க்கவில்லை.

கீழே கிடக்கிற கொம்பை எடுத்துட்டுப் போலாமா? தானா விழுந்ததுதானே?

கூடாது. உதிர்ந்த கொம்பானாலும் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டச் சொன்னால் சுற்றுலா அங்கேயே முடிந்துவிடும். தவிர, அது ஏற்கெனவே வேறு ஆளுக்குச் சொந்தம். கொம்பைப் புரட்டாமல் குனிந்து அருகில் பாருங்கள். ஓரத்தில் உளியால் சீவிய மாதிரி இரட்டை இரட்டையாகக் கோடு தெரிந்தால் அது முள்ளம்பன்றியின் முன்பல். தாதுக்காக ராத்திரி வந்து கரும்பு மாதிரி கடித்துவிட்டுப் போயிருக்கும். சில சமயம் மானே மான் கொம்பை மெல்லும். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அளவு தெரியும்.